பத்து மணிக்கு வெளியே, ஐந்து மணிக்கு உள்ளே

எங்கள் வீட்டு வாசல் சுவரில் ஒரு நீலப் பலகை இருக்கிறது. "ஹோல்ஸ்டர்பெர்க் இளவரசர் ஓட்டோகர், 1894 ஆகஸ்டில், கொட்டும் மழையில், இந்த வீட்டிலிருந்து வெளியே அனுப்பப்பட்டார்." கடற்கரைக்குப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு நடப்பார்கள். பத்தடி போனதும் திரும்பி வந்து இன்னொரு முறை படிப்பார்கள். இன்ன பெரிய மனிதர் இங்கே தங்கினார், இன்ன தளபதி இங்கே பிறந்தார் என்றுதான் மற்ற வீடுகளில் பலகை இருக்கும். வெளியே தள்ளியதைப் பெருமையாக எழுதி வைத்திருக்கிற வீடு எனக்குத் தெரிந்து எங்களுடையதுதான். அதற்குக் காரணம் என் மனைவி ஹெஸ்டர்.

அவளுடைய வாழ்க்கையைப் பற்றி நாலு வரி எழுதித் தரும்படி ஊர் வரலாற்றுச் சங்கத்துச் செயலாளர் லோடர் கேட்டார். கொடுத்துவிட்டேன். ஹெஸ்டர் சுத்தத்தில் கண்டிப்பானவள் என்றும், நாள் முழுக்கத் தூசி தட்டுவாள் என்றும் அதில் இருக்கிறது. நாலு வரியில் அடங்குகிற பெண் இல்லை அவள். லோடரிடம் கொடுக்காத மிச்சம் இது.

ஹெஸ்டர் இந்தக் கடற்கரை ஊரான ஹாடில்சீயில், இதே ஃபென் இல்லத்தின் மாடி முன்னறையில் பிறந்தவள். பிறந்தது காலை ஒன்பதரைக்கு. பத்து மணிக்கு மருத்துவச்சியை வெளியே அனுப்பிவிட்டார்கள். நான் கதை கட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்த மருத்துவச்சி சாகும்வரை மீன் கடை வாசலில் நின்று, வருவோர் போவோரிடமெல்லாம் இதைச் சொல்லித் தீர்த்தாள்.

ஃபென் இல்லம் கோடையில் வருகிறவர்கள் தங்கும் விடுதி. காலைச் சாப்பாடு முடிந்து பத்து மணி அடித்தால் எல்லோரும் வெளியே போய்விட வேண்டும். மாலை ஐந்துக்குத்தான் மறுபடி கதவு திறக்கும். வெயிலோ மழையோ, கைக்குழந்தையோ பிஷப்போ, எல்லோருக்கும் ஒரே சட்டம். ஒரு காலத்தில் இந்தக் கரையில் எல்லா விடுதியிலும் இந்த வழக்கம் இருந்தது. மற்றவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக இளகிவிட்டார்கள். ஃபென் குடும்பத்துப் பெண்கள் இளகவில்லை. போர்க்காலத்தில் இங்கே தங்க வைத்த ராணுவக் கேப்டனைக்கூட வரைபடமும் தொலைநோக்கியுமாகப் பத்து மணிக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கள் பகுதிக் கடலோரப் பாதுகாப்பு முழுவதும் பகலில் ஐஸ்கிரீம் கடைத் திண்டிலிருந்துதான் நடந்தது.

இந்தச் சட்டத்தைப் போட்டவள் அகஸ்டா ஃபென். ஹெஸ்டரின் கொள்ளுத் தாத்தாவுக்கு அக்கா. அவள் காலத்தில்தான் அந்த இளவரசர் வந்து சேர்ந்தார். ஹோல்ஸ்டர்பெர்க் என்பது வரைபடத்தில் ஒரு தபால் தலையை ஒட்டினால் மறைந்துவிடுகிற நாடு. இருந்தாலும் இளவரசர் இளவரசர்தானே. யார் என்று சொல்லிக்கொள்ளாமல், ஒரே ஒரு வேலைக்காரனோடு வந்தார். மறுநாள் காலை பத்து மணிக்கு அகஸ்டா இருவரையும் மழையில் வெளியே விட்டாள். வேலைக்காரன் நேரே மதுக்கடைக்குப் போய்விட்டான். இளவரசர் ஐந்து மணி வரை கடற்கரையில் நனைந்தார். ஊருக்குப் போனதும் பணம் அனுப்பி, கடற்கரை நடைபாதையில் ஒரு மண்டபம் கட்டச் சொன்னார். நாலு பக்கமும் பெஞ்சு, நடுவில் கண்ணாடித் தடுப்பு, மேலே பச்சைக் கூரை. இளவரசர் மண்டபம் என்று அதற்குப் பெயர்.

எங்கள் கடலின் அழகில் மயங்கித்தான் அவர் அதைக் கட்டினார் என்று ஊர்க்காரர்கள் தொண்ணூறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்கள் கடல், ஆறிப்போன தேநீர் நிறத்தில் இருக்கும். அதில் யாரும் மயங்கி நான் பார்த்ததில்லை. அவர் மழைக்கு ஒதுங்க இடமில்லாமல்தான் கட்டினார் என்பது ஃபென் குடும்பத்துக்குத் தெரியும். ஊர் சந்தோஷமாக இருக்கும்போது குறுக்கே புகுந்து திருத்துவது மரியாதை இல்லை என்று பேசாமல் இருந்துவிட்டார்கள். எங்கள் ஊர் வரலாற்றில் பாதி இப்படி மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டதால் உருவானதுதான்.

இனி என் கதை. நான் வேக்ஃபீல்டுக்காரன், நார்மன் ஹெப்பர். போர் முடிந்த இரண்டாவது கோடையில் அம்மாவோடு ஒரு வாரம் இங்கே தங்க வந்தேன். முதல் நாள் பத்து மணிக்கு வெளியே வந்து வாசலைத் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. மழைக்கோட்டு உள்ளே இருந்தது. கதவைத் தட்டினேன்.

மாடி ஜன்னல் திறந்தது. தலையில் துணி கட்டிய ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

"என்ன வேணும்?"

"மழைக்கோட்டை மறந்துட்டேன். கதவைக் கொஞ்சம் தொறந்தீங்கன்னா…"

"மணி பத்து அடிச்சாச்சு."

ஜன்னல் மூடியது. நான் நொந்துபோய்த் திரும்பினேன். மறுபடி ஜன்னல் திறந்தது. என் கோட்டு பறந்து வந்து என் தலையிலேயே விழுந்தது. கதவு மட்டும் திறக்கவில்லை. அந்தக் கோட்டுக்குள் இருட்டில் நின்றுகொண்டு, கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று முடிவு செய்தேன். ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வாரத்தின் கடைசி நாள் மாலை, கதவு திறந்ததும் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, "என்னைக் கட்டிக்கிறீங்களா?" என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"காலைத் துடைச்சிட்டு உள்ள வாங்க," என்றாள். அதுதான் சம்மதம்.

கல்யாணத்துக்கு மறுநாள் காலை பத்து மணிக்கு என் தொப்பியும் ஒரு பொட்டலமும் என் கைக்கு வந்தன.

"ஹெஸ்டர், நான் உன் புருஷன்," என்றேன்.

"தெரியும். அதான் சாண்ட்விச்ல ஊறுகாய் வச்சிருக்கேன்," என்றாள்.

அப்போது இது எனக்கு உறைக்கவில்லை. பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகர் வேலை. எப்படியும் பகலெல்லாம் வெளியேதான். ஞாயிற்றுக்கிழமை கோயில், காய்கறித் தோட்டம் என்று ஓடிவிடும். வருடங்கள் போயின. எனக்கு ஒரே ஒரு ஆசைதான் பாக்கி இருந்தது.

என் அப்பாவின் நாற்காலி. பெரிய தோல் நாற்காலி, வேக்ஃபீல்டிலிருந்து சீர்வரிசை மாதிரி நான் கொண்டுவந்த ஒரே சொத்து. முன்னறை ஜன்னலோரம், கடலைப் பார்க்கப் போட்டிருந்தது. கோடையில் ஐந்து மணிக்கு மேல் அதில் தங்க வந்தவர்கள் உட்காருவார்கள். நான் சமையல் அறையில் உருளைக்கிழங்கு உரிப்பேன். அவர்கள் படுக்கப் போனபின் நான் உட்காரும்போது வெளியே இருட்டு. குளிர்காலத்தில் தங்குகிறவர்கள் யாரும் இல்லை, ஆனால் நாலரை மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். என் சொந்த நாற்காலியில் உட்கார்ந்து பகல் வெளிச்சத்தில் நான் கடலைப் பார்த்ததே கிடையாது. இருட்டில் உட்காரும்போதும் அது எனக்குச் சரியாகப் பொருந்தாது. பள்ளம் ஒரு பக்கமாக, குறுகலாக இருக்கும். அப்பாவின் உடம்பு வாகு அப்படி என்று நினைத்துக்கொள்வேன். வேலை முடிந்து வீட்டோடு இருக்கும்போது அந்த நாற்காலி எனக்குத்தான் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

ஓய்வு பெற்ற அன்று கம்பெனியில் ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். ஹெஸ்டர் அதை நடையில் மாட்டினாள். திங்கட்கிழமை காலை அது பத்து அடித்தது. தொப்பியும் பொட்டலமும் வந்தன.

"நான்தான் ரிடையராயிட்டேனே," என்றேன்.

"நான் ஆகலையே," என்றாள்.

நான் பெட்டிப் பாம்பாக அடங்கி இளவரசர் மண்டபத்துக்கு நடந்தேன். அன்றிலிருந்து அதுதான் எனக்குப் பகல் வீடு. ஜனவரியில், தங்க ஒரு ஈ காக்கை இல்லாத மாதத்தில்கூட.

மண்டபத்தில் எனக்குத் துணை வில்ஃப் கிரிம்ஷா. பக்கத்துத் தெரு விடுதிக்காரியின் கணவன். அவன் வீட்டில் அந்தச் சட்டத்தை எடுத்து இருபது வருடம் ஆகிறது. தங்குகிறவர்களுக்குத்தான் எடுத்தார்கள், வில்ஃபுக்கு எடுக்கவில்லை.

"ஏழு மணி நேரம் உள்ள என்னதான்டா பண்றா உன் பொண்டாட்டி?" என்று தினமும் கேட்பான்.

"தூசி தட்டறா."

"ஏழு மணி நேரமா? ராணியோட அரண்மனையைக்கூட மத்தியானத்துக்குள்ள தட்டி முடிச்சிடலாம்."

"எனக்கென்ன தெரியும்."

"தப்பா நினைக்காதே. யாரையாவது உள்ள வச்சிருக்காளோ?"

"வச்சிருந்தா அவனும் இந்நேரம் நம்ம பக்கத்திலதான் உக்காந்திருப்பான்."

பெஞ்சின் அந்த மூலையில் உட்கார்ந்திருந்த ஆளை இருவரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தோம். ரொட்டி வண்டி ஓட்டுகிறவன், காலை நீட்ட வந்தவன். நாங்கள் பார்த்த பார்வையில் எழுந்து போய்விட்டான்.

இப்படி மூன்று வருடம் ஓடியபின்தான் லோடர் வந்தார். மண்டபத்துக்குத் தொண்ணூறாவது வருடம் அது. லோடர் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். யாரைப் பார்த்தாலும் கடைசி பெஞ்சுப் பையனைப் பார்க்கிற மாதிரிதான் பார்ப்பார். ஹெஸ்டரிடம் மட்டும் அது செல்லாது. பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கையில் ஒரு கேக்கோடு வந்து உட்கார்ந்தார். அதிலேயே எனக்கு மூக்கில் வியர்த்தது.

"மிஸஸ் ஹெப்பர், இளவரசரோட பேத்தி வர்றாங்க. இளவரசி வில்ஹெல்மினா. தாத்தா தங்கின வீட்லதான் தங்குவேன்னு சொல்லிட்டாங்க."

"தங்கட்டும். பின்பக்கத்து ரூம் காலிதான்."

"எழுபத்திரண்டு வயசு அவங்களுக்கு."

"படியில கைப்பிடி இருக்கு."

"வெள்ளிக்கிழமை வர்றாங்க. ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுச் சுவர்ல பலகை திறக்கிறோம். நடுவுல சனிக்கிழமை நல்ல மழை இருக்காம், ரேடியோல சொன்னான். அந்த ஒரு நாள் மட்டும் அவங்களை உள்ளயே இருக்க விட்டீங்கன்னா…"

"பலகையில என்ன போட்டிருக்கீங்க?"

"'இளவரசர் ஓட்டோகர் இங்கே இனிது தங்கினார்'னு."

"இனிதா? அந்த மனுஷன் நனைஞ்ச கோழி மாதிரி திரும்பி வந்தான்னு எங்க வீட்ல சொல்லுவாங்க."

"அதையெல்லாம் பலகையில போட முடியுமா, மிஸஸ் ஹெப்பர்?"

அந்தப் பலகையை ஞாயிறன்று இளவரசி திறக்கவே இல்லை. இது பொய் என்று சொல்லிவிட்டுத் தன் செலவில் இப்போது இருக்கிற பலகையைச் செய்யச் சொல்லிவிட்டுப் போனாள். 'இனிது தங்கினார்' இப்போது லோடர் வீட்டுக் கோழிக் கூண்டுக்குக் கூரையாக இருக்கிறது. ஆனால் அது பிற்பாடு.

நடையில் கடிகாரம் பத்து அடித்தது.

"கிளம்புங்க, மிஸ்டர் லோடர்."

"நான் இங்க தங்கறவன் இல்லையே. பேச வந்தவன்தானே?"

"கதவுக்கு அது தெரியாது."

வாயில் இருந்த கேக்கை விழுங்குவதற்குள் லோடர் தெருவில் நின்றார். பக்கத்தில் நான்.

"நீங்க புருஷன்தானே? கொஞ்சம் எடுத்துச் சொல்லக் கூடாதா?" என்றார்.

"நான் எங்க நிக்கறேன்னு பார்த்தீங்களா?" என்றேன்.

ஆனால் அவர் சொன்னது என் மனத்தில் ஒட்டிக்கொண்டது. பேத்திக்கு ஒரு நாள் கதவு திறந்தால், புருஷனுக்கு ஏன் திறக்கக் கூடாது? தொண்ணூறு வருடச் சட்டத்தில் ஒரு ஓட்டை விழுந்தால் அதன் வழியாக நானும் நுழைந்து என் நாற்காலியில் உட்கார்ந்துவிடலாம். இளவரசி மீது எனக்கு அன்றைக்கே பாசம் பிறந்துவிட்டது. அன்று இரவுச் சாப்பாட்டில் மெல்ல ஆரம்பித்தேன்.

"பாவம், வயசான பொம்பளை."

"நானும்தான் வயசான பொம்பளை," என்றாள் ஹெஸ்டர்.

"ஒரே ஒரு நாள்தானே."

"அகஸ்டா இளவரசனுக்கே தொறக்கலை. எங்க அம்மா கேப்டனுக்குத் தொறக்கலை. நான் போய் ஒரு பல் டாக்டருக்குத் தொறக்கணுமா?"

அதுவும் உண்மைதான். ஹோல்ஸ்டர்பெர்க் என்ற நாடே இப்போது இல்லை. இளவரசி ஜெர்மனியில் நாற்பது வருடம் பல் பிடுங்கிச் சம்பாதித்து ஓய்வு பெற்றவள்.

வெள்ளிக்கிழமை மாலை அவள் வந்தாள். சின்ன உருவம், பெரிய பெட்டி. கை குலுக்கும்போது என் முகத்தைப் பார்க்காமல் பல்லைத்தான் பார்த்தாள். இரவுச் சாப்பாட்டுக்கு வேகவைத்த ஆட்டிறைச்சிதான் வேண்டும் என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அதைக் கேட்டு வாங்கிய முதல் ஆள் அவள்தான். லீட்ஸிலிருந்து வந்து தங்கியிருந்த தம்பதி வேடிக்கை பார்த்தார்கள். நடுவில் அவளுக்கு இருமல் வந்தது. வறட்டு இருமல், நிற்காமல்.

சமையல் அறையிலிருந்து ஹெஸ்டர் வந்து வாசற்படியில் நின்றாள்.

"நாளைக்கு மழை. நீங்க வெளிய போக வேணாம். முன்னறையில கணப்பு மூட்டி வைக்கறேன்," என்றாள்.

லீட்ஸ்காரரின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பாத்திரம் கழுவும்போது ஹெஸ்டர் என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

"இருமறா, நார்மன். அந்த இளவரசன் இருமியிருந்தா அகஸ்டாவும் தொறந்துதான் இருப்பா."

"நான்கூட நேத்து தும்மினேன்."

"அது மிளகு."

பரவாயில்லை என்று இருந்துவிட்டேன். நாளை கணப்பு எரியும், நாற்காலி இருக்கும், பேச்சுத் துணைக்கு ஆள் வேண்டும் என்று சொல்லி உள்ளே நின்றுவிடலாம். பொங்கிவந்த சந்தோஷத்தில் ஒரு தட்டை உடைத்தேன்.

சனிக்கிழமை ரேடியோக்காரன் சொன்னபடியே மழை கொட்டியது. ஒன்பது மணிக்கே ஹெஸ்டர் கரி போட்டுக் கணப்பை மூட்டினாள். லீட்ஸ் தம்பதி குடையோடு முனகிக்கொண்டே வெளியேறினார்கள். நான் ஷூ நாடாவை அவிழ்ப்பதும் கட்டுவதுமாகக் காலம் கடத்தினேன். கடிகாரம் பத்து அடித்தது. மாடிப்படியில் தடதடவென்று சத்தம். இளவரசி இறங்கி வந்தாள். மீனவர்கள் போடுகிற மஞ்சள் நிற ரப்பர் கோட்டு, முழங்கால்வரை பூட்ஸ், காதை மூடிய தொப்பி. நேரே கதவுக்குப் போய் நின்றாள்.

"உள்ளயே இருங்கன்னு சொன்னேனே," என்றாள் ஹெஸ்டர்.

"மன்னிக்கணும். நான் இவ்வளவு தூரம் வந்ததே வெளியே போறதுக்குத்தான்."

"இந்த மழையிலயா? இந்த இருமலோடயா?"

"இருமல் எனக்கு முப்பது வருஷமா இருக்கு. அது பாட்டுக்கு இருக்கும்," என்றாள் இளவரசி. "எங்க தாத்தாவை, பொறந்ததிலேர்ந்து ஒரு நிமிஷம் தனியா விட்டதில்லை. தூங்கறப்ப கதவுகிட்ட ஒரு ஆள். குளிக்கறப்ப ரெண்டு ஆள். எல்லாரும் எதையாவது கேட்டுக்கிட்டே இருப்பாங்க. கையெழுத்துப் போடுங்க, இவரைப் பாருங்க, அவரைப் பாருங்கன்னு. உங்க வீட்டு அம்மா ஒருத்திதான் அவரை வெளிய போய்யான்னு சொன்னது. கவுத்துப் போட்ட ஒரு படகுக்கு அடியில தனியா உக்காந்திருந்தாராம். யாரும் எதுவும் கேக்கலையாம். என் வாழ்க்கையிலயே நல்ல நாள் அதுதான்னு சாகறவரைக்கும் சொன்னார். கடலாவது அழகாவது. அந்த ஏழு மணி நேரத்துக்கு நன்றியாத்தான் மண்டபம் கட்டினார்."

ஹெஸ்டர் கரி படிந்த கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு நாலு பிள்ளைங்க, ஒம்பது பேரப்பிள்ளைங்க," என்றாள் இளவரசி. "நாப்பது வருஷம் அடுத்தவங்க வாய்க்குள்ளயே பார்த்துக்கிட்டிருந்தேன். தயவு செஞ்சு என்னை வெளிய அனுப்புங்க."

இரண்டு பெண்களும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். ஏதோ பழைய உறவுக்காரியைத் தெருவில் அடையாளம் கண்டுகொண்ட மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

"சாண்ட்விச்ல ஊறுகாய் வைக்கட்டுமா?" என்றாள் ஹெஸ்டர்.

"நிறைய வைங்க."

கதவு திறந்தது. மஞ்சள் கோட்டு மழைக்குள் போய்விட்டது. என் கதை முடிந்தது என்று தொப்பியை எடுத்தேன். ஹெஸ்டர் கணப்பைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"கரி எரியுது. அவளுக்குன்னு போட்டது. வீணாப் போகும்," என்றாள். கொஞ்சம் நின்று, "நீ வேணா உக்காந்துக்கோ," என்றாள்.

அறுபத்தெட்டு வயதில் என் நாற்காலியில் பகலில் உட்கார்ந்தேன். ஜன்னல் முழுக்கக் கடல். மழையில் அது வழக்கத்தைவிட அசிங்கமாக, ஒரே சேறாக இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு நன்றாக இருந்தது. காலைக் கணப்புப் பக்கம் நீட்டினேன்.

ஹெஸ்டர் சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். ஷூவைக் கழற்றவில்லை. கைகளை மடியில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பல் பிடுங்கக் காத்திருப்பவள் மாதிரி இருந்தாள்.

"அந்தத் திரையை இன்னும் கொஞ்சம் ஒதுக்கேன்," என்றேன். எழுந்து ஒதுக்கினாள். உட்கார்ந்தாள்.

"என் கண்ணாடி மேல இருக்கு போல." எழுந்து போய் எடுத்து வந்தாள். உட்கார்ந்தாள்.

"டீ ஏதாவது இருக்கா?" அவள் எழுந்து போனாள்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுற்றிப் பார்த்தேன். பகல் வெளிச்சத்தில் எல்லாம் தெரிந்தது. நாற்காலியின் வலது கைப்பிடியில் கிண்ணம் வைத்து வைத்து உண்டான வட்ட வட்டத் தடங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. சாய்கிற இடத்தில் தலை பட்டுப் பட்டு மினுமினுத்த ஒரு கறை. அது என் தலைக்கு ஒரு சாண் கீழே, ஹெஸ்டரின் தலை வரும் உயரத்தில் இருந்தது. கணப்புக்குப் பின்னால் ஒளித்து வைத்த மாதிரி சிவப்புக் கம்பளிச் செருப்பு ஒரு ஜோடி. ஜன்னல் விளிம்பில், திரைக்குப் பின்னால், டின்னில் வரும் பீச் பழத்துண்டுகள் ஒரு கிண்ணத்தில், ஒரே ஒரு கரண்டியோடு. நான் உட்கார்ந்திருந்த பள்ளத்தைத் தடவிப் பார்த்தேன். ஒரு பக்கமாக, குறுகலாக இருந்த அந்தப் பள்ளம் என் அப்பாவுடையது இல்லை.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அகஸ்டா, அவளுக்குப் பின் வந்தவர்கள், ஹெஸ்டரின் அம்மா, ஹெஸ்டர். காலையில் முட்டை வேகவில்லை, குளிக்க வெந்நீர் வரவில்லை, மாலையில் இறைச்சி போதவில்லை, போர்வை கனமாக இல்லை என்று கேட்டுக்கொண்டே இருக்கிற ஒரு வீட்டில், யாரும் எதுவும் கேட்காத ஏழு மணி நேரத்தைக் கதவைச் சாத்திக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள். நான் உள்ளே வந்து சற்று நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் மூன்று முறை அவளை எழுப்பிவிட்டேன். என்னை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது. அவளை நினைத்தபோது, தலையில் கோட்டு விழுந்த அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தது.

அவள் டீயோடு வந்தாள். நான் நின்றவாறே அதைக் குடித்தேன்.

"வில்ஃப் தனியா இருப்பான். ஒரு நடை போயிட்டு வரேன்," என்றேன்.

"மழை பெய்யுது."

"அதுக்குத்தானே மண்டபம் கட்டியிருக்கு."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். நான் தாண்டும்போது என் கழுத்துப் பட்டையை ஒரு இழுப்பு இழுத்துச் சரி செய்தாள். கதவு மூடியது. வேலிக் கதவுவரை போயிருப்பேன். உள்ளே நாற்காலி ஸ்பிரிங் நீளமாக முனகியது.

அப்போதுதான் முதுகு நனைவது தெரிந்தது. மழைக்கோட்டு இல்லை. திரும்பிக் கதவைத் தட்டலாமா என்று நின்றேன். முன்னறை ஜன்னல் கண்ணாடி ஒரு சாண் மேலே ஏறியது. விளிம்பில் நீட்டி வைத்த காலின் சிவப்புக் கம்பளிச் செருப்பு நுனி ஒன்று தெரிந்தது. என் கோட்டு வெளியே வந்து விழுந்தது.

"அஞ்சு மணிக்கு வா," என்று குரல் கேட்டது. "பழம் கொஞ்சம் மிச்சம் வைக்கறேன்."

மண்டபத்தில் கடலைப் பார்த்த பக்கத்துப் பெஞ்சில் மஞ்சள் கோட்டு உட்கார்ந்திருந்தது. கண் மூடியிருந்தது, வாய் ஊறுகாயை மென்றுகொண்டிருந்தது. வில்ஃப் மறுபக்கத்தில், பஸ் நிலையத்தைப் பார்த்த பெஞ்சில் ஒடுங்கியிருந்தான்.

"பேசிப் பார்த்தேன்டா. பேசாம இருந்தா பல்லுக்கு நல்லதுன்னு சொல்லிட்டா," என்று கிசுகிசுத்தான்.

நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அங்கிருந்து கடல் தெரியாது. பஸ் நிலையத்துக் கழிப்பறைதான் தெரியும்.

"இன்னிக்கு லேட்டா வர்றே. உள்ள இருந்தியா?" என்றான் வில்ஃப். "பார்த்தியா, என்னதான் பண்றா?"

"தூசி தட்டறா," என்றேன்.